மருந்தாய்வைப் பற்றியும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஆண்டு அக்காவுக்குக் கண் மஞ்சளித்தபோது, காமாலைதான் என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். இரவெல்லாம் உடம்பைச் சொறிந்துகொண்டே இருந்தாள். ஸ்கேனில் தெரிந்தது, பித்தநாளப் புற்று, கல்லீரலுக்கும் பரவியிருந்தது. "கீமோதான்" என்றார்கள். மருந்தாய்வு, அதாவது புதிய சிகிச்சையை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும் ஆய்வு, என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

அந்தக் கீமோவே ஓர் ஆய்வின் கொடைதான். 2010-இல் வெளியான பிரிட்டனின் ஏபிசி-02 ஆய்வில் 410 பேர் பங்கேற்றார்கள். ஜெம்சிட்டபின் என்ற கீமோ மருந்தோடு சிஸ்பிளாட்டின் என்ற இன்னொன்றையும் சேர்த்ததில் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் கடந்த கால அளவு) 8.1 மாதத்திலிருந்து 11.7 ஆக நீண்டது. மூன்றரை மாதம் அற்பமா? அக்கா தன் மகளின் வளைகாப்பைப் பார்த்தது அந்த மாதங்களில்தான். பின்னர் டோபாஸ்-1 ஆய்வில் நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் டுர்வாலுமாப் மருந்தையும் சேர்த்தபோது, இரண்டாண்டு கடந்தவர்கள் சுமார் 10 சதவீதத்திலிருந்து 25 ஆனார்கள். புற்றில் எஃப்ஜிஎஃப்ஆர்2, ஐடிஹெச்1 என்ற மரபணுக்களில் மாற்றம் உள்ளவர்களுக்குத் தனி மாத்திரைகளே வந்துவிட்டன.

இந்தியாவில் நடக்கும் மருந்தாய்வுகளை 2009 முதல் சிடிஆர்ஐ என்ற இணையவழி மருந்தாய்வுப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். ஆங்கிலத்தில் உள்ள அதை எங்கள் ஊர் நோயாளி எப்படித் தேடுவார்? அரசு புற்றுநோய் மையங்களில் இதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த மாற்றங்களைக் கண்டறியும் மரபணுச் சோதனைச் செலவை அரசு ஏற்க வேண்டும்.

ஒரு வாசகி,
கும்பகோணம்