செங்காங்கா பொங்கோலா, வீட்டுப் பெரியவங்களையும் கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர்ல வீடு வாங்கப்போற நம்ம பிள்ளைங்க நிறைய பேரு, பக்கத்துப் பக்கத்துல இருக்குற செங்காங்கா பொங்கோலான்னு குழம்புறாங்க, ஆனா பேச்சு பூராவும் விலையும் எந்த மால் பெருசுங்கறதும்தான். நான் செங்காங்ல ரொம்ப வருஷமா இருக்கேன், மக குடும்பம் பொங்கோல்ல, அதனால ரெண்டு ஊரும் எனக்கு நல்லாத் தெரியும். பகல்ல வீட்டுல இருக்கப்போறது யாரு, தாத்தா பாட்டியும் சின்னப் பிள்ளைங்களும்தானே, அவங்கள வச்சுதான் முடிவு பண்ணணும்னு சொல்லத்தான் எழுதுறேன்.

தேக்காவுக்கு, அதான் லிட்டில் இந்தியாவுக்கு, போறதுல பெரிய வித்தியாசம் கிடையாது, ரெண்டும் வடகிழக்கு எம்ஆர்டி ரயில் பாதையில அடுத்தடுத்த ஸ்டேஷன், ரயில் மாறவே வேணாம். ஆனா எம்ஆர்டிக்கு நடந்தே போயிடலாங்கற புளோக்கும், தினமும் எல்ஆர்டிங்கற குட்டி ரயில் புடிச்சு வந்து மாறுற புளோக்கும் ஒண்ணு இல்ல. முட்டிவலி இருக்குற அம்மாவக் கூட்டிட்டு காலை நெரிசல்ல ஒரு தடவை ஏறிப் பாத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

வயசானவங்க இருக்குற வீட்டுக்கு நான் செங்காங்தான் சொல்லுவேன். 2018ல திறந்த பொது மருத்துவமனை இங்கேயே இருக்கு, ரிவர்வேல் கிரசென்ட்ல அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் இருக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரையும் எதிர்பாக்காம அவங்களே கோயிலுக்குப் போயிட்டு வர்றாங்கன்னா அது எவ்வளவு பெரிய விஷயம்னு பெரியவங்க கிட்ட கேட்டாத்தான் தெரியும். பலதுறை மருந்தகம் ரெண்டு ஊருலயும் இருக்கு.

பொங்கோலுக்கும் அதோட அழகு இருக்கு, இல்லன்னு சொல்லல. 4.2 கிலோமீட்டர் நீர்வழி ஓரமா சாயங்காலம் பேரப்பிள்ளைங்களோட நடக்குற சுகம் எங்க பக்கம் அவ்வளவு கிடையாது. 2024 டிசம்பர்ல பொங்கோல் கோஸ்ட் ஸ்டேஷனும் திறந்துட்டாங்க, சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகமும் அங்க வந்துருச்சு, அந்தப் பக்கம் வேலையோ படிப்போ இருக்குறவங்க தாராளமா அங்கேயே பாக்கலாம்.

இன்னொண்ணு, இத யாரும் முன்கூட்டியே கேக்குறதில்ல. பக்கத்துல இருக்குற தொடக்கப்பள்ளியில தமிழ் சொல்லிக்குடுக்குறாங்களான்னு வீடு பாக்கும்போதே விசாரிங்க. எல்லாப் பள்ளியிலயும் கிடையாது, இல்லன்னா பள்ளி முடிஞ்சு பிள்ளை வேற இடத்துக்குத் தமிழ் படிக்கப் போகணும். தொடக்கநிலை ஒண்ணுல சேர்க்கும்போது பள்ளிக்கு 1 கிலோமீட்டருக்குள்ள இருந்தா முன்னுரிமை, ஆனா அந்த முன்னுரிமையில இடம் கிடைச்சா, பதிவு தொடங்குனதுலேருந்து குறைஞ்சது 30 மாசம் அந்த விலாசத்துலயே குடியிருக்கணும், அதனால கொஞ்ச நாளைக்கு மட்டும்னு நினைச்சு அங்க வீடு பாக்காதீங்க.

அப்பா அம்மா ஒரு ஊர்ல, பிள்ளைங்க அடுத்த ஊர்லன்னு இருந்தாலும் கவலை வேணாம். மறுவிற்பனை வீடு வாங்குற குடும்பத்துக்கு, பெத்தவங்க வீட்டுல இருந்து 4 கிலோமீட்டருக்குள்ள இருந்தா தகுதியிருக்கறவங்களுக்கு 20,000 வெள்ளி மானியம் உண்டு, இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல பெரும்பாலும் அந்தத் தூரத்துக்குள்ளயே வந்துரும். வாங்குறதுக்கு முன்னாடி வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கிட்ட (வீவக) ரெண்டு விலாசத்தையும் சொல்லி உறுதிப்படுத்திக்குங்க.

இப்படிக்கு,
செங்காங் வாசகி