பட்டியலைக் கொஞ்சம் நிப்பாட்டு, மச்சான்

உப்புவெளி,
திருகோணமலை

அன்பின் சிவம்,

உன்ர கடிதமும், கனடாவில வாங்கிக் கொண்டு வரப்போற பட டிஸ்குப் பட்டியலும் வந்தது. ஒண்டும் வாங்காத, நில்லு. வாங்கிப்போட்டியெண்டால் மேலுறையைக் கிழிக்காமல் வை, திருப்பிக் குடுக்கலாம். இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ அப்பிடியேதான். தவம் பின்னேரங்களில வந்து "கனடாக்காரன் எப்ப வாறானாம்" எண்டு கேட்டபடி. அதுக்கு நீயே பதில் எழுது.

இனி விஷயத்துக்கு வாறன். டிஸ்குகளை எந்த நாட்டுப் பிளேயரில ஓடும் எண்டு வலயம் வலயமாப் பிரிச்சுப் பூட்டி விக்கிறவை. கனடாவில விக்கிற புளூரே ஏ வலயம். பிரித்தானியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா பி. நாங்களும் இந்தியாவும் சி. சில கொம்பனியள் பூட்டுப் போடாமலே விடும், ஆனால் நல்ல பழைய படங்களை டிஸ்கில விடுற, நீ விழுந்து கிடக்கிற அந்த அமெரிக்கக் கிரைட்டீரியன்காரர் தங்கட புளூரேயை ஏ வலயத்துக்குப் பூட்டித்தான் விக்கினம். இஞ்சத்தைய பிளேயரில போட்டால் "இந்த நாட்டில ஓடாது" எண்ட அறிவிப்பை மட்டும் பாக்கலாம். டிவிடிக்கு இலக்கம் வேற: உங்களுக்கு 1, எங்களுக்கு 5. டிவிடி பிளேயர் பலதில ரிமோட்டில ஒரு சில எண்ணை அமத்திப் பூட்டைக் கழட்டலாம். புளூரேயில அந்த விளையாட்டுப் பெரும்பாலும் சரிவராது, உள்ளுக்குச் சிப் வேலை செய்து விக்கிற பிளேயராப் பாத்துத்தான் வாங்கோணும். கொம்பியூட்டர் டிரைவில பாக்கலாம் எண்டு யோசிச்சியெண்டால், டிவிடி வலயத்தை 5 தரம்தான் மாத்த விடும். ஐஞ்சாவதில எது நிக்குதோ அதிலயே இறுகிப்போகும்.

4கே, அதாவது புளூரேயைவிட நாலு மடங்கு நுணுக்கமான டிஸ்குக்கு வலயம் இல்லை, அதால கவலை இல்லை எண்டு எழுதியிருந்தாய். பாதிதான் சரி. அந்தப் பெட்டியைத் திறந்து பார்: 4கே டிஸ்கில படம் மட்டும் இருக்கும். நேர்காணல், ஆவணப்படம், நாங்கள் மணித்தியாலக்கணக்காக் கதைக்கிற சாமானெல்லாம் கூட வாற புளூரேயில. அந்தப் புளூரே பூட்டினது. அப்ப படம் இஞ்ச ஓடும், மிச்சம் ஓடாது.

பிளேயரும் கொண்டு வாறன் எண்டாய். அதின்ர முதுகில ஒட்டியிருக்கிறதை முதலில வாசி. 100-240 வோல்ட் எண்டு இருந்தால் பிளக்கை மாத்தினால் காணும். 120 எண்டு மட்டும் இருந்தால் எங்கட 230இல குத்தின உடன பவர் போர்ட் எரியும். வோல்டேஜைக் குறைக்கிற டிரான்ஸ்போமர் ஒண்டு பூட்டலாம், பிளேயர் கனக்க வாட் இழுக்காது, ஆனால் யாராவது ஒரு நாள் நேரா சுவரில குத்துவினம். அதைவிட லண்டனில இருக்கிற குட்டியிட்டச் சொல்லி எல்லா வலயமும் ஓடுற பிளேயரா ஒண்டு எடுப்பிக்கிறது நல்லது. அங்கயும் 230 தான், பிளக்கும் இஞ்ச புது வீடுகளுக்குப் பூட்டுற அதே சதுரக் கால் பிளக். கெதியா எடுக்கச் சொல்லு. ஒப்போ 2018இல பிளேயர் செய்யிறதை விட்டது, சாம்சுங் 2019இல, எல்ஜி 2024இல. மிஞ்சியிருக்கிற பெரிய பேர் பானசோனிக், சொனி. டிஸ்க் நல்லா இருந்தும் ஓட்ட மெசின் இல்லாத காலம் வரும்.

இப்ப உன்ர பட்டியல். நீ கவரைப் பாத்துக் காதலிக்கிற ஆள், அது ஊருக்கே தெரியும். கவரைத் திருப்பிப் பின்பக்கச் சின்ன எழுத்தை வாசி மச்சான். "4கே" எண்டு முன்னால கொட்டையா அடிச்சிருக்கிறது ஒண்டும் சொல்லாது. எதிலயிருந்து ஸ்கான் பண்ணினது எண்டதுதான் முழுக் கதையும். கமராவுக்குள்ள ஓடின மூல நெகட்டிவிலயிருந்து எடுத்தால் ஒரு படம், நெகட்டிவிலயிருந்து போட்ட பொசிட்டிவிலயிருந்து எடுத்தால் இன்னொண்டு, தியேட்டரில ஓடித் தேஞ்ச பிரதியிலயிருந்து எடுத்தால் வேறொண்டு. ஒவ்வொரு தலைமுறைக்கும் நுணுக்கம் குறையும், கறுப்பு அடைக்கும், வெள்ளை வெளிறும். அடைச்ச கறுப்புக்குள்ள என்ன இருந்ததெண்டு எந்தக் கொம்பியூட்டருக்கும் தெரியாது.

குரோசாவாவின்ர 'செவன் சாமுராய்' 2024இல புது 4கேயா வந்தது, உங்கட பக்கம் கிரைட்டீரியன், லண்டனில பிரித்தானியத் திரைப்பட நிறுவனமான பிஎஃப்ஐ. வாங்கு, நல்ல வேலை. ஆனால் அதின்ர மூல நெகட்டிவ் இப்ப இல்லை, அடுத்த தலைமுறையிலயிருந்துதான் எடுத்தவை. குப்ரிக்கின்ர '2001' எண்ட விண்வெளிப் படத்தின்ர அளவுக்கு ஊசி முனை மாதிரிக் கூர்மை வரேல்லையெண்டு பிறகு என்னோட சண்டைக்கு வராத.

அந்த '2001'ஐக் கட்டாயம் கொண்டு வா. 65 மில்லிமீற்றர் மூல நெகட்டிவை 8கேயில ஸ்கான் பண்ணி 2018 கடைசியில 4கே டிஸ்க் வந்தது. சாதாரண 35 மில்லிமீற்றர்ச் சட்டத்தைப்போல பல மடங்கு பரப்பு அந்தப் பிலிமில, அந்தப் பரப்பு ரிவியிலயே தெரியும். தியேட்டருக்குப் போட்ட பழைய ஒலிக்கலவையும் அதில இருக்குது, மெனுவில அதைத் தெரிவு செய்துதான் பாக்கோணும். எங்களுக்கு அது வெறும் அமெரிக்கப் படமும் இல்லை. கதை எழுதின ஆதர் கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல எங்கட சுவாமி மலையடியில முக்குளிச்சுக் கோணேசர் கோவில் தூணுகளைக் கண்ட ஆக்கள். அந்த வில்சன்தான் 1962இல திருகோணமலைக் கடலுக்குள்ள கமராவை இறக்கி 'ரன்முத்து தூவ' எடுத்தது, சிங்களத்தில முதல் கலர்ப் படம்.

சத்யஜித் ராயின்ர 'அபு' படம் மூண்டும் சேந்த பெட்டியையும் விடாத. 1993இல லண்டனில ஒரு லாப் எரிஞ்சு அந்த நெகட்டிவெல்லாம் கருகினது. கருகினதை எறியாமல் அமெரிக்காவில அக்கடமி காப்பகத்தில வைச்சிருந்தவை. பிறகு இத்தாலியில பொலோஞா லாபில உலந்து நொருங்கின பிலிமுக்குத் திரும்ப ஈரப்பதம் ஏத்தி, ஓட்டையளைக் கையால ஒட்டி, 'பாதேர் பாஞ்சாலி'யில 40 வீதமும் 'அபராஜிதோ'வில 60 வீதத்துக்கு மேலயும் மூல நெகட்டிவிலயிருந்தே எடுத்திட்டினம். மூண்டாவது படத்தின்ர நெகட்டிவைக் காப்பாத்த ஏலேல்லை, அதுக்கு வேற பிரதியளைத் தேடிப் பிடிச்சவை. புளூரே 2015இல வந்தது. உதயசங்கரின்ர 'கல்பனா'வும் கொண்டு வா. 2022இல கிரைட்டீரியன் விட்ட உலக சினிமாத் திட்டம் நாலாம் பெட்டிக்குள்ள இருக்குது. சென்னை ஜெமினியில எடுத்தது, ஒளிப்பதிவு எங்கட கே. ராம்நாத். பூட்டினதெண்டாலும் பரவாயில்லை, குட்டியின்ர பிளேயர் வரட்டும். 'குவாய்' பாலமும், அதைப் படம் பிடிச்ச எங்கட கித்துல்கலைக்காகக் கொண்டு வா, 4கே 2017இல வந்தது. மிச்சத்தைக் கடையில விடு.

தமிழ்ப் படத்தில நல்ல டிஸ்க் ஏன் இல்லை எண்டு கேட்டாய். எனக்கு வயிறு எரியிற இடம் அதுதான். 'ராஜராஜ சோழன்' 1973இல வாறவரைக்கும் தமிழில சினிமாஸ்கோப் இல்லை. அதுக்கு முந்தினது பெரும்பாலும் கிட்டத்தட்டச் சதுரச் சட்டம், 1.37க்கு 1. இப்பத்தைய ரிவியை நிரப்போணும் எண்டு மேலயும் கீழயும் வெட்டினால் உயரத்தில கால்வாசிக்குக் கிட்டப் போயிடும். ஆடுறவவுக்குப் பாதம் இல்லை, கிட்டப் பிடிச்ச முகத்துக்கு நெத்தி இல்லை. மூலையில கொம்பனியின்ர பேர் படம் முடியுமட்டும் நிக்கும். மூண்டு படத்தை ஒரே டிஸ்கில அடைச்சு விக்கிறதைப் பார்: இரண்டு அடுக்கு டிவிடியில 8.5 ஜிகாபைட், மூண்டு படம் ஏழரை மணித்தியாலம், அப்ப செக்கனுக்கு 2.5 மெகாபிட்தான் வரும். டிவிடி 10 வரைக்கும் தாங்கும். மழைக் காட்சியும் தேர்க் காட்சியும் கட்டம் கட்டமா உடையிறது அதாலதான், உன்ர ரிவியில பிழை இல்லை.

பாட்டுக்கு இன்னும் மோசம். தியேட்டரில செக்கனுக்கு 24 சட்டம். பால் (PAL) எண்ட ரிவி முறையில அடிச்ச டிவிடியில அதை 25 ஆக்கி ஓட்டுவினம். 150 நிமிசப் படம் 144இல முடியும், பாடகரின்ர சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைய ஏறி நிக்கும். அதுக்கு மேல ஒற்றை ஒலித்தடத்தைப் பிரிச்சு ஐஞ்சு ஸ்பீக்கருக்குப் பரவி, புதுசாக் குதிரைக் குளம்புச் சத்தமும் வாள் சத்தமும் ஏத்தி "டிஜிட்டல் ஒலி" எண்டு விப்பினம். மூல மோனோ இல்லாத டிஸ்கைத் தொடாத. முகம் மெழுகுப் பொம்மை மாதிரி வழுக்கினாலும் தொடாத. பிலிமில இயல்பா இருக்கிற மணல் மாதிரிப் புள்ளியளை அழிக்கிறம் எண்டு தோலையும் புடவையையும் சேத்து அழிச்சிருப்பினம்.

இவ்வளவும் எழுதினது உன்ர கடைசி வரிக்காக. மாமாவின்ர பேஸ்மண்டில பழைய தமிழ்ப் படப் பெட்டியள் கிடக்குது, புளிச்ச மணம் மணக்குது, வீட்டை விக்க முந்தி எறியப்போகினம் எண்டு போறபோக்கில எழுதியிருக்கிறாய். சிவம், அதை எறிய விடாத. இண்டைக்கே போன் எடு.

புளிச்ச மணம் வினாகிரி மணம்தான். அசற்றேற் பிலிம் சிதையத் தொடங்கினால் அசற்றிக் அமிலம் வெளிவரும், அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகமாக்கும், பக்கத்துப் பெட்டிக்கும் தொத்தும். அதால மணக்கிறதை மணக்காததில இருந்து பிரிச்சு வேற அறையில வை. மூடியை இறுக்கிப் பூட்டாத, அமில ஆவி வெளிய போகோணும். பேஸ்மண்ட் குளிர்தான் இவ்வளவு காலமும் காப்பாத்தியிருக்குது, ஆனபடியால் சூடான மேல் வீட்டுக்கு ஏத்தாத, காருக்குள்ள வெயிலில விடாத. முக்கியமா, "ஒருக்கா ஓட்டிப் பாப்பம்" எண்டு யாரும் புரொஜெக்டரில போடக் கூடாது. சுருங்கின பிலிமில ஓட்டையளுக்கு இடையில தூரம் குறைஞ்சிருக்கும். ஒரு வீதம் சுருங்கினாலே புரொஜெக்டர்ப் பல் ஓட்டையைக் கிழிச்சுக்கொண்டு போகும். பல் இல்லாமல் உருளையால இழுக்கிற ஸ்கானர் இருக்குது, கிழியாததை அது எடுக்கும்.

என்ன படம் எண்டு கண்டுபிடிக்கிறது கஷ்டமில்லை. பருத்திக் கையுறை போட்டு, முதல் பெட்டியில வெளிச் சுத்தில ஒரு சில அடி மட்டும் மெதுவா விரி. ஒவ்வொரு சட்டத்துக்கும் பக்கத்துக்கு நாலு ஓட்டை எண்டால் 35, ஒண்டே ஒண்டு எண்டால் 16 மில்லிமீற்றர். விளிம்பில சேஃப்டி எண்டு இருந்தால் தீப்பிடிக்கிற நைட்ரேற் இல்லையெண்டு ஆறுதல். ஓர்வோ, இந்து, ஈஸ்ட்மன் எண்ட பிலிம் பேரில எது அச்சடிச்சிருக்குதெண்டு குறி. கோடக் எண்டால் வட்டம், சதுரம், முக்கோணம் எண்டு சின்னக் குறியள் இருக்கும், உற்பத்தி வருசம் அதில தெரியும், அதே குறி 20 வருசத்தால திரும்பவும் வரும். சுருளைப் பக்கவாட்டில வெளிச்சத்துக்குப் பிடி: ஒளி ஊடுருவினால் பொலியெஸ்டர், வினாகிரிப் பயம் இல்லை; இருட்டா இருந்தால் அசற்றேற். கலர்ப் பிரதி முழுக்க ரோஸ் நிறமா வெளிறியிருந்தாலும் பயப்பிடாத. நீலப் பச்சைச் சாயம் முதல் போகும், ஸ்கான் பண்ணினால் ஓரளவு மீட்கலாம்.

படத்தின்ர தொடக்கத்தில இந்தியத் தணிக்கைச் சான்றிதழ் நிண்டால் அதைப் போனில படம் பிடி. பேர், வருசம், ரீல் எண்ணிக்கை, மீற்றரில நீளம், எல்லாம் அதில இருக்கும். 35இல நிமிசத்துக்கு 27.4 மீற்றர் ஓடும். 4,100 மீற்றர் எண்டால் இரண்டரை மணித்தியாலம், ஆயிரம் அடி ரீல் எண்டால் 14. பெட்டியை எண்ணினால் எது குறையுதெண்டு அப்பவே தெரிஞ்சிடும்.

ஸ்கான் பண்ணுற செலவு சின்ன விஷயம் இல்லை. இரண்டரை மணித்தியாலம் எண்டால் 2,16,000 சட்டம். 4கேயில ஒரு சட்டம் 50 மெகாபைட், மொத்தம் 11 டெராபைட்டுக்குக் கிட்ட. 2கே எண்டால் அதில கால்வாசி, தேஞ்ச பிரதிக்கு அது தாராளம். முதல் செலவழிக்க வேண்டாம், முதல் பட்டியல் போடு. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின்ர ஸ்காபரோ வளாகத்தில தமிழ் இருக்கை இருக்குது, அங்க ஒரு கடிதம் குடு. இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேக்கிற நூலக நிறுவனத்துக்கு நான் இஞ்சயிருந்து எழுதிறன். இந்தியப் படம் எண்டால் புனே தேசியக் காப்பகத்திட்டயும் மும்பை பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேசனிட்டயும் இதைவிட நல்ல பிரதி இருக்குதோ எண்டு கேக்கலாம். சுமித்ரா பீரிஸின்ர சிங்களப் படம் 'கெஹெனு லமாய்'யை 4கேயில மீட்டு 2025இல கான் திரைப்பட விழாவுக்குக் கொண்டு போனது அந்த மும்பை ஆக்கள்தான்.

எனக்கு நித்திரை வராமல் செய்யிறது வேற ஒரு நினைப்பு. அந்தப் பெட்டியளுக்குள்ள எங்கட இலங்கைத் தமிழ்ப் படம் ஏதும் கிடந்தால்? 'குத்துவிளக்கு', 'வாடைக்காற்று', 'பொன்மணி', எதெண்டாலும். நெகட்டிவ் ஒரு பக்கம் இருக்கட்டும், எங்கட படங்களில தேஞ்சு கீறல் விழுந்த ஒரு பிரதிகூட ஒரு சொத்து. எண்பத்து மூண்டுக் கலவரத்துக்குப் பிறகு வெளிக்கிட்ட சனம் எதையெல்லாம் காவிக்கொண்டு போனதெண்டு உனக்கே தெரியும். மாமாவிட்ட ஆறுதலாக் கதை. வெருட்டாத. அவர் இவ்வளவு காலம் வைச்சிருந்ததே பெரிய காரியம் எண்டு சொல்லு.

கொண்டு வாற டிஸ்குகளைப் பற்றி ஒண்டு. இஞ்ச மாரியில உப்புக் காத்தும் ஈரமும் சேந்தால் டிஸ்கில பூஞ்சணம் படரும், உள்ளுக்கிருக்கிற தாள் ஈரத்தை உறிஞ்சி வைச்சிருக்கும். தாளை வேறயா எடுத்து வைச்சு, டிஸ்கை நிமித்தி அடுக்கி, சிலிக்கா ஜெல் போட்ட மூடின பெட்டியில வைக்கிறதுதான் வழி. நிறம் மாறுற ஜெல்லாப் பாத்து ஒரு கிலோ கொண்டு வா, நனைஞ்சதை வெதுப்பியில காயவைச்சுத் திரும்பப் பாவிக்கலாம். உன்ர பழைய வார்னர் டிவிடியளையும் வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார். 2006 தொடக்கம் 2008 வரை அடிச்சதில சிலது பழுதாகுது எண்டு அவையே 2025இல ஒப்புக்கொண்டு, மாத்தித் தாறம் எண்டிருக்கினம். அந்த வருசத்து டிஸ்கை இஞ்ச காவி வராத, அங்கயே மாத்து.

மாமா என்ன சொன்னவர் எண்டு உடன எழுது. சான்றிதழ்ப் படம் கிடைச்சால் வட்ஸ்அப்பில போடு, நடுச்சாமம் எண்டாலும் பரவாயில்லை. பிளேயரின்ர முதுகுப் படத்தையும் சேத்து அனுப்பு. குட்டியிட்டக் காசு குடுக்கிறதோ விடுகிறதோ எண்டு அதைப் பாத்துத்தான் முடிவெடுக்கோணும்.

அன்புடன்,
ரஞ்சன்