எலும்பைக் கூட்டும் ஜெல்லும் அதற்குக் கேட்கும் பணமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் - புதுச்சேரி சாலையில் வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட என் தம்பி மகனுக்கு, ராடு வைத்து ஒன்பது மாதமாகியும் முழங்காலுக்குக் கீழே எலும்பு கூடவில்லை. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், இரு முனைகளுக்கும் நடுவே ஒரு கருங்கோடு இன்றும் தெரிகிறது. ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறவல்ல மூலச் செல்) கலந்த ஹைட்ரோஜெல்லை ஊசி வழியாகச் செலுத்தினால் மூன்றே மாதத்தில் எலும்பு கூடிவிடும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்லி, இரண்டரை லட்சம் ரூபாய் கட்டச் சொன்னார்கள். தம்பி மனைவி சங்கிலியை அடகு வைக்கப் புறப்பட்டுவிட்டார்.

உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்த ஆராய்ச்சியை நான் பெரிதும் மதிக்கிறேன். நுங்கைப் போல நீர் நிறைந்த இந்த ஜெல்லை, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டைக் கொண்டும், நம் முதுநகரில் மீனவப் பெண்கள் உரித்துப்போடும் இறால் ஓட்டிலிருந்து பெறத்தக்க கைட்டோசானைக் கொண்டும் செய்யலாம். எலும்பு மஜ்ஜையிலிருந்து பிரித்த ஸ்டெம் செல்களை வெறுமனே செலுத்தினால் பெரும்பாலானவை சிதறியும் மடிந்தும் போகும்; ஜெல்லுக்குள் வைத்தால் முறிந்த இடத்திலேயே தங்கி, எலும்புச் செல்களாக மாறியோ, அக்கம்பக்கத்துச் செல்களைத் தூண்டும் பொருள்களைச் சுரந்தோ உதவக்கூடும். இடுப்பெலும்பிலிருந்து சிறு பகுதியை எடுத்து முறிந்த இடத்தில் ஒட்டும் இன்றைய முறையில், எடுத்த இடத்து வலி சிலருக்கு மாதக்கணக்கில் நீடிப்பதால், இத்தகைய மாற்று ஒன்று நமக்குத் தேவைதான்.

ஆனால் தீராத சிக்கல்கள் உள்ளன. இரத்த நுண்குழாயிலிருந்து ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டருக்கு அப்பால் உள்ள செல்லுக்குப் போதிய ஆக்சிஜன் எட்டாது என்பதால், விரற்கடை அகல இடைவெளியை ஜெல்லால் நிரப்பினால், புதிய இரத்தக் குழாய்கள் வந்து சேர்வதற்குள் நடுவிலுள்ள செல்கள் மடிந்துவிடக்கூடும். ஜெல் உடல் எடையைத் தாங்காது. ராடோ பிளேட்டோ இருந்தே ஆக வேண்டும். எலியிலும் முயலிலும் கிடைத்த நல்ல பலன், மனிதரின் கால் எலும்பில் அப்படியே கிடைக்கும் என்று யாரும் இன்று உறுதி தர முடியாது.

இரத்த நோய்கள் போன்றவற்றுக்கு ஏற்கப்பட்டுள்ள இரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிமுறைகள் கூறுகின்றன. ஆய்வில் சேர்பவரிடம் அதற்காகப் பணம் வாங்கக் கூடாது. ஆகவே அந்த மருத்துவமனையில் ஆய்வின் பதிவு எண்ணையும், ஆய்வைப் பரிசீலித்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவின் கடிதத்தையும், தமிழில் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தையும் கேட்டேன். மூன்றில் ஒன்றுகூடக் கிடைக்காததால் பணம் கட்டாமல் திரும்பினோம்.

இந்த மூன்றையும் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்ற அறிவிப்பை, கடலூர், புதுச்சேரி மருத்துவமனைகளின் எலும்பு முறிவுப் பிரிவு வாசல்களில் பெரிய தமிழ் எழுத்தில் வைக்குமாறு இரு அரசுகளின் சுகாதாரத் துறைகளையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.