ஆழியாறு தாண்டியும் பாடுகிறது

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா?

போன மாதம் வால்பாறைக்கு உன்னைப் பார்க்க வந்தேனே, ஆழியாறு தாண்டி மலையேறத் தொடங்கியதும் சிக்னல் போய்ப் பாட்டு நின்றுவிட்டது. 40 கொண்டை ஊசி வளைவையும் பாட்டில்லாமல்தான் ஏறினேன். வேண்டிய பாட்டெல்லாம் இனி போனுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கல்யாண நாதஸ்வரக் கேசட்டைத் தேடி எடுத்தேன். நீதான் மேடையோரம் டேப் ரிக்கார்டரோடு உட்கார்ந்து பதிவு செய்தாய். ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு ஒயர் போட்டு, மொத்தம் 60 நிமிடத்தையும் ஓடவிட்டுப் பதிந்தேன். 128 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 பாட்டுக் கோப்பாக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி இடம்தான் பிடிக்கும். யூஎஸ்பி கேபிளில் போனின் மியூசிக் ஃபோல்டருக்குள் போட்டேன்.

போட்டதும் திரையில் 'அறியப்படாத கலைஞர்' என்று வந்தது. எனக்குத் தாங்கவில்லை. விடிய விடிய வாசித்த மனிதர்! கோப்புக்குள் டேக், அதாவது கலைஞர் பெயர் போன்ற விவரம், எழுதாவிட்டால் ப்ளேயர் அப்படித்தான் காட்டும். ஆனால் அவர் பெயர் எனக்கும் தெரியவில்லை, அப்பாவுக்கும் மறந்துவிட்டது. அம்மாதான் கல்யாணச் செலவு நோட்டைப் பீரோவிலிருந்து எடுத்தாள். அதில் நாதஸ்வரக்காரர், தவில்காரர் இருவர் பெயரும், கொடுத்த தொகையும், வேட்டி துண்டும்கூட எழுதியிருந்தன. கணினியில் டேக்கைத் திருத்தித் தமிழிலேயே இரண்டு பெயரையும் ஏற்றினேன். இப்போது பாட்டு ஓடும்போது அவர்கள் பெயர் தெரிகிறது.

தோடி நடுவில் நீ கேசட்டைத் திருப்பிப் போட்டாய் அல்லவா, அந்தச் சில நொடிகள் இல்லை. ராகம் அறுந்து, வேறொரு இடத்தில் மறுபடி தொடங்குகிறது. வெட்டி ஒட்டிச் சரிசெய்ய மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

நீயும் போனில் விஎல்சி என்ற ப்ளேயர் செயலியைப் போட்டுக்கொள். இலவசம்தான், விளம்பரம் கிடையாது, ஃபோல்டர் வாரியாகப் பாட்டைக் காட்டும். அப்புறம், போன் கெட்டால் பாட்டும் போய்விடும். அதனால் பென்டிரைவில் ஒரு நகல் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது உன் போனிலும் ஏற்றித் தருகிறேன். போனில் 100 எம்பி இடம் மட்டும் ஒழித்து வை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்