கர்ப்பிணியிடம் கேட்கப்படாத கேள்வி

ஆசிரியருக்கு,

காசிமேட்டில் மீன் விற்கும் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, முந்தானை முடிச்சை அவிழ்த்துப் புகையிலையை எடுத்து வாயில் அதக்கிக்கொண்டதைப் பார்த்துப் பதறிப்போனேன். "பசி தெரியாதுக்கா, குமட்டலும் அடங்கும்" என்றாள். ஆஸ்பத்திரியில் சிகரெட், குடிப் பழக்கம் உண்டா என்று கேட்டார்களாம். இல்லை என்றிருக்கிறாள், அது உண்மைதான். புகையிலை போடுகிறாயா என்று யாரும் கேட்கவில்லை.

புகைத்தாலும் மென்றாலும் நிகோடின் நிகோடின்தான். நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் ரத்தத்தில் கலக்கிறது. ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. குறைப்பிரசவம், 2.5 கிலோவுக்கும் குறைந்த எடை, வயிற்றிலேயே சிசு இறப்பது வரை கொண்டுபோய்விடும். தமிழகத்தில் 2013-லேயே குட்காவுக்குத் தடை வந்தது. ஆனாலும் புகையிலையும் பாக்கும் கலந்த மாவா பொட்டலம் தெருமுனையில் கைமாறத்தான் செய்கிறது.

இரும்புச் சத்து மாத்திரை தரும்போதே, மாமியாரும் கணவரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, செவிலியர்கள் இதைக் கேட்க வேண்டும். தயவுசெய்து திட்டாமல் கேளுங்கள். திட்டினால் அடுத்த மாதம் அவள் வரவே மாட்டாள். புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணையும் கர்ப்பிணி அட்டையிலேயே அச்சிட்டுத் தாருங்கள்.

ஒரு வாசகி,
ராயபுரம், சென்னை-13