பெட் சிடி ஸ்கேன் கட்டணம் மறுக்கப்பட்டது தொடர்பாகக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு

அனுப்புநர்
பாலிசிதாரர் (பெயர், முகவரி, பாலிசி எண் ஆகியவை இணைப்புப் படிவத்தில் உள்ளன),
கும்பகோணம்.

பெறுநர்
காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அவர்கள்,
அண்ணா சாலை, தேனாம்பேட்டை,
சென்னை.

பொருள்: அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்த பெட் சிடி ஸ்கேன் கட்டணம் ரூ.22,500-ஐக் காப்பீட்டு நிறுவனம் தர மறுத்தது – வழங்க உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எனக்கும் என் மனைவிக்குமான ரூ.5 லட்சம் குடும்ப மருத்துவக் காப்பீட்டை ஒன்பது ஆண்டுகளாக இடைவிடாமல் புதுப்பித்து வருகிறேன். இவ்வாண்டு என் மனைவியின் வலது மார்பகத்தில் தென்பட்ட கட்டி புற்றுநோய் என்று மேமோகிராம், பயாப்சி ஆகிய பரிசோதனைகளில் உறுதியானது. அக்குளிலும் நெறி கட்டியிருந்ததால், நோய் எலும்புக்கோ கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியிருக்கிறதா என்று பார்க்காமல் அறுவைச் சிகிச்சையா, கீமோ சிகிச்சையா, எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்க இயலாது எனக் கூறிய மருத்துவர், பெட் சிடி ஸ்கேன் எடுத்து வரும்படி எழுதிக் கொடுத்தார்.

அந்த மருத்துவமனையில் ஸ்கேன் வசதி இல்லாததால் திருச்சியில் உள்ள ஒரு மையத்துக்குச் சென்றோம். வெறும் வயிற்றோடு வந்த என் மனைவிக்கு இரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்து, கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றி, ஒரு மணி நேரம் தனியறையில் உட்கார வைத்த பிறகே ஸ்கேன் எடுத்தார்கள். அன்றிரவு பேரக்குழந்தையை அருகில் விட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மாலையே வாடகைக் காரில் ஊர் திரும்பிவிட்டோம். இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், ஸ்கேனுக்காக அவரை எவரும் உள்நோயாளியாகச் சேர்க்கவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே.

ஸ்கேன் எடுத்த பதினெட்டாம் நாள் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்கான ரொக்கமில்லா அனுமதியை மருத்துவமனை கோரியபோது, பெட் சிடி அறிக்கையை அனுப்பினால்தான் பரிசீலிக்க முடியும் என்று நிறுவனம் மின்னஞ்சலில் கேட்டது. அறிக்கை போய்ச் சேர்ந்த மறுநாளே அனுமதியும் வந்தது. வீடு திரும்பிய பின், மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 60 நாள் செலவுக்கான பிரிவின் கீழ் மேமோகிராம், பயாப்சி, ஸ்கேன் ஆகிய மூன்று பில்களையும் ஒரே உறையில் வைத்து அனுப்பினேன். முதல் இரண்டுக்கும் பணம் வந்தது. மூன்றாவதற்கு, "பரிசோதனை, மதிப்பீட்டுச் செலவு, விலக்கு 04" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒற்றை வரி மட்டுமே வந்தது.

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019-ல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்துத் தந்த அந்த விலக்கு, பரிசோதனைக்காகவே மருத்துவமனையில் சேர்ந்தால் ஆகும் செலவையும், நடப்பு நோய்க்கும் அதன் சிகிச்சைக்கும் தொடர்பில்லாத பரிசோதனைகளின் செலவையும் மட்டுமே விலக்குகிறது. என் மனைவி பரிசோதனைக்காகச் சேரவே இல்லை. தொடர்பு உண்டா என்று கேட்டால், இதே அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்துத்தான் நிறுவனம் அறுவைச் சிகிச்சைக்கு அனுமதி தந்தது. அனுமதி தருவதற்குத் தேவைப்பட்ட ஸ்கேன், பணம் தரும்போது மட்டும் தேவையற்றதாகிவிட்டது எப்படி என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. பயாப்சியும் பரிசோதனைதான், அதற்குப் பொருந்தாத விலக்கு இதற்கு மட்டும் எப்படிப் பொருந்தும் என்பதற்கும் விளக்கம் இல்லை.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இவற்றையெல்லாம் எழுதினேன். பதினோராம் நாள் வந்த பதிலில் தேதியைத் தவிர வேறெதுவும் மாறவில்லை. அப்பதில் கிடைத்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை; இது குறித்து எந்த நீதிமன்றத்திலும் நுகர்வோர் ஆணையத்திலும் நான் வழக்குத் தொடரவில்லை.

ஆகவே, 2017-ஆம் ஆண்டின் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் விதிகளின்படி இம்மனுவை ஏற்று, ஸ்கேன் கட்டணம் ரூ.22,500-ஐயும் தாமதத்துக்கு உரிய வட்டியையும் வழங்க நிறுவனத்துக்கு உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மருத்துவரின் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, பில்கள், அறிக்கை கேட்டு நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல், இரண்டு மறுப்புக் கடிதங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

என் மனைவிக்கு இப்போது 21 நாள்களுக்கு ஒருமுறை கீமோ ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அதற்கடுத்த சில நாள்களுக்கு அவரைத் தனியே விட்டு வர இயலாது. எனவே விசாரணையைக் காணொலி வழியாக நடத்தவும், இணைப்பில் குறித்துள்ள சிகிச்சை நாள்களைத் தவிர்த்துத் தேதி தரவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(பாலிசிதாரர் கையொப்பம்)