கதவுக்கு வெளியே மூன்று நிமிடம்

அக்கா,

இன்றோடு அப்பா போய்ப் பதினொரு வருடம். காலையில் அம்மாவிடம் பேசியிருப்பாய். என்னால் யாரிடமும் பேச முடியவில்லை, எழுதுகிறேன். தனியாகத் தபாலில் அனுப்பினால் நீ பிரிக்கமாட்டாய்; இங்கே எழுதினால் படித்துவிடுவாய் என்று தெரியும். நாலு பேர் பார்க்கும் இடம் என்பதால் சில விஷயங்களைச் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். உனக்குப் புரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் கண்ணாடிக் குழாய் என்னிடம்தான் இருக்கிறது. நீ ஆய்வு செய்த துறையில் பழைய சாமான்களைக் கழித்தபோது போய்க் கேட்டு வாங்கி வந்தேன். ஆறு வருடமாக என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. போன வாரம்தான் அதை உனக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பாய். குழாயைப் பற்றிப் பேசினால் அந்த இரவைப் பற்றியும் பேச வேண்டும்.

பெரிய விளக்குகளை அணைத்திருந்தாய். குழாய்க்குப் பின்னால் வெள்ளைத்தாள், அதன் மேல் ஒரு சின்ன வெளிச்சம். இரண்டு நாள் அசையாமல் விட்ட தொட்டித் தண்ணீர். பெர்மாங்கனேட் கரைசல், குழாயின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஊதா நூலாக நின்றது. ஓடுகிறது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கண்ணாடிக்குள் பதித்து வைத்தது போலிருந்தது. உன் முகம் அதற்கு ஒரு சாண் தள்ளி. மூச்சுக்கூட மறுபக்கம் திரும்பித்தான் விட்டாய்.

ரெனால்ட்ஸ் எண், அதாவது வேகமும் குழாயின் அகலமும் கூடினால் ஏறி, தண்ணீரின் பிசுபிசுப்பு கூடினால் இறங்கும் அந்த எண், 2,000ஐத் தாண்டினால் சீராக நேராகப் போகும் வரிச்சீர் ஓட்டம் கலைந்து தாறுமாறான சுழற்சி ஓட்டமாகிவிடும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அதற்குச் சிரித்தவள் நீ. 2,000க்குக் கீழே என்றால் எவ்வளவு கலக்கினாலும் தானாக அடங்கிவிடும், அவ்வளவுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம் என்றாய். அதற்கு மேலே கலைவதும் கலையாததும் எத்தனை அமைதியாக வைத்திருக்கிறாய் என்பதைப் பொறுத்தது. 1883இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸே ஏறக்குறைய 13,000 வரை நூலை நேராக நிறுத்திக் காட்டியிருக்கிறார். உன் ஆசை அந்த எண்ணைத் தொடுவது. அன்றைக்கு 12,000ஐத் தாண்டியிருந்தாய். பலகையில் எழுதியிருந்தது.

இரும்புக் கதவு சுவரில் மோதியது. நூல் ஒரு இடத்தில் நெளிந்தது. அடுத்த கணம் அதற்கப்பால் குழாய் முழுக்க ஊதாப் புகை.

நீ திரும்பவில்லை. வால்வைத்தான் மூடினாய், மெதுவாக, எண்ணி எண்ணி. பிறகுதான் “என்ன?” என்றாய்.

அப்பாவைப் பற்றிய செய்தியை நான் சொன்ன விதம் தவறு. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன், முழு மனதோடு. இப்போது என் பிழைப்பே குழாய்களோடுதான், வால்வை எப்படி மூடக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. நீண்ட இரும்புக் குழாயில் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் பத்துப் பன்னிரண்டு வளிமண்டலம் எகிறும். அந்த அடி ஒலியைப் போல வினாடிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்னோக்கி ஓடும். 10 கிலோமீட்டர் குழாய் என்றால் அலை போய்த் திரும்பவே ஏறக்குறைய 20 வினாடி. அதற்குள் மூடுகிற எவனும் குழாயை உடைக்கப் பார்க்கிறான் என்றுதான் அர்த்தம். புதிதாக வரும் பையன்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம், நான் உனக்குச் செய்தி சொன்ன அந்த ஒற்றை வாக்கியம் நினைவுக்கு வரும்.

ஆனால் அக்கா, நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும்? உன் போனை அணைத்து வைத்திருந்தாய். ஒன்பது முறை கூப்பிட்டேன். மழையில் வந்தேன்.

செயலில் தன்னை மறந்து போகும் அந்த நிலைக்கு ‘ஓட்டம்’ என்று பெயர் வைத்த உளவியலாளர் சிக்சென்ட்மிகாயி, மலையேறுகிறவர்களையும் சதுரங்கம் ஆடுகிறவர்களையும் அறுவை மருத்துவர்களையும் கேட்டுக் கேட்டுத்தான் அதைக் கண்டுகொண்டார். ஓர் ஓட்டம் தங்களைத் தூக்கிக்கொண்டு போவது போலிருக்கிறது என்று அவர்களே சொன்னதால்தான் அந்தப் பெயர். காலம் தெரியாது, பசி தெரியாது, நான் என்பதே தெரியாது. சரி. அந்த நேரத்தில் அவர்கள் வீட்டில் யார் அடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள், யார் போனை எடுத்தார்கள்? நான் படித்த வரையில் அந்தக் கேள்வி பெரிதாக வரவில்லை. உன் நூல் நேராக நின்ற இரவுகளில் எல்லாம் அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் நான். இதைச் சொல்லிக்காட்ட வேண்டும் என்று உட்காரவில்லை. சொல்லிவிட்டேன், இருக்கட்டும்.

மருத்துவமனையில் நடந்தவற்றை எழுதப்போவதில்லை. அம்மாவும் மற்றவர்களும் இதைப் படிப்பார்கள். மூன்றாம் நாள் தாழ்வாரத்தில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது நம் இருவரோடு இருக்கட்டும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். இதயத்துக்குப் போகும் குழாய் ஓரிடத்தில் பாதியாகச் சுருங்கியிருக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். எல்லாரும் பாதி இருக்கிறதே என்று நிம்மதியானார்கள். நீ மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு “ஆரத்தின் நாலாம் அடுக்கு” என்று முணுமுணுத்தாய். ஆரம் பாதியானால், அழுத்தம் அதேதான் என்றால், ஓட்டம் பதினாறில் ஒன்று. பாய்சொய் என்ற மருத்துவர் நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் அளந்து சொன்ன விதி. நிஜமான உடம்பு அவ்வளவு எளிமையில்லை என்று உனக்கும் தெரியும். அப்பா படுத்திருக்கும்போது கணக்குப் போடுகிறாளே என்று எனக்கு அன்று அருவருப்பாக இருந்தது. நீ அழுததே அந்தக் கணக்கில்தான் என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது.

அதற்குப் பிறகு நீ அந்த அறைக்குத் திரும்பவே இல்லை. ஆய்வேடு பாதியில் நின்றது. ஏன் என்று யார் கேட்டாலும் “ஓட்டம் அறுந்துவிட்டது” என்று சிரித்துக்கொண்டே சொல்வாய். நான் பக்கத்தில் இருக்கும்போதும் சொல்வாய். அறுத்தவன் யார் என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்போம்.

சண்டையாக இருந்தால் என் வாதம் இதுதான். மிக மிகச் சிறிய சலனம் எதுவும் குழாய் ஓட்டத்தைக் கலைக்காது. கலைக்க ஓரளவாவது ஒரு தட்டல் வேண்டும். ஆனால் ரெனால்ட்ஸ் எண் ஏற ஏற, அந்தத் தட்டல் சிறிதாகிக்கொண்டே போனாலும் போதும். மான்செஸ்டரில் ரெனால்ட்ஸின் அதே கருவியை வைத்துப் பிற்காலத்தில் செய்து பார்த்தபோது 13,000ஐ எட்ட முடியவில்லை, தெருவில் போகிற வண்டிகளின் அதிர்வே போதுமானதாக இருந்தது. 12,000இல் நீ நின்றுகொண்டிருந்தபோது ஒரு லாரி போயிருந்தாலும் அறுந்திருக்கும். கதவு ஒரு சாக்கு. இப்படித்தான் பதினொரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பலகையில் எழுதியிருந்த எண் எனக்கு எப்படித் தெரியும் என்று எப்போதாவது யோசித்தாயா? உள்ளே வந்தபிறகு நான் எதையும் பார்க்கவில்லை. கதவின் கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்த்தேன். நான் வந்தவுடன் கதவைத் திறக்கவில்லை, அக்கா. நனைந்துகொண்டு வெளியே நின்றேன். மூன்று நிமிடம் இருக்கும். உன்னை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. தொட்டி எப்படியும் கொஞ்ச நேரத்தில் காலியாகிவிடும், அதுவரை விட்டுவிடலாம் என்று தோன்றியது. அப்புறம் அப்பா முகம் நினைவுக்கு வந்தது, கதவைத் தள்ளினேன். அந்த வேகத்தில்தான் அது சுவரில் மோதியது.

அந்த மூன்று நிமிடத்தால் எதுவும் மாறியிருக்காது என்று பிறகு ஒரு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டாவதாக ஒருவரிடமும் கேட்டேன்.

குழாய் வியாழக்கிழமை வந்து சேரும். படுக்கை வசமாகவே வை. தண்ணீர் நுழையும் அகன்ற மர வாயைத் தனியாகத் துணி சுற்றிக் கட்டியிருக்கிறேன். நான் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன், 5,000கூடத் தாண்டவில்லை, கை பழகவில்லை. நுழைவாயிலிலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளி உட்புறம் ஒரு மெல்லிய கீறல் இருக்கிறது. நான் போட்டதா, முன்பே இருந்ததா என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும், பார்த்துச் சொல்.

தம்பி